எண்ணும் முன் பாருங்கள்

வகுப்பறையில் ஹைக்கூ எழுதுவது, கொண்டாடுவது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். கேட்டவர்களில் பாதிக்குமேல் ஆசிரியர்கள். அதுவே பெரிய மகிழ்ச்சி.

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு ஹைக்கூ சொல்லித்தர வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?
(தமிழாசிரியை, மன்னார்குடி)

பதில்: வாசற்படியிலிருந்து. நோட்டும் பென்சிலுமாகப் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். பேச்சில்லாமல் பத்து நிமிடம், மைதானத்தை ஒரு சுற்று. கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, மூக்கை எட்டியது, காலில் குத்தியது எல்லாவற்றையும் இரண்டு மூன்று சொல்லில் குறித்துக்கொள்ளட்டும். 'அழகு', 'சோகம்', 'இயற்கை' என்று குறித்திருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். 'குழாயடி ஈரத்தில் காக்கை' என்று குறித்திருந்தால் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். ஜப்பானில் ஹைக்கூ எழுதுகிறவர்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்து எழுதும் இந்த நடைக்குக் 'கின்கோ' என்று பெயர். அவர்கள் கோயிலுக்கும் ஆற்றங்கரைக்கும் போவார்கள். உங்களுக்குச் சத்துணவுக் கூடத்தின் பின்பக்கமே போதும். கரும்பலகையில் 5-7-5 என்று எழுதுவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: அந்த 5-7-5-ஐத் தமிழில் எப்படித்தான் எண்ணுவது? எழுத்தா, அசையா, சொல்லா?
(பட்டதாரி ஆசிரியர், தென்காசி)

பதில்: எண்ண வேண்டாம். ஜப்பானியர் எண்ணுவது ஒலியின் கால அளவை. நம் மாத்திரைக்குப் பக்கத்து வீடு. 'தோக்யோ' என்ற நகரின் பெயர் அவர்கள் கணக்கில் நான்கு, ஏனென்றால் அதிலுள்ள இரண்டு நெடிலும் இவ்விரண்டாக எண்ணப்படும். சொல்லின் இறுதியில் வரும் 'ன்' கூடத் தனியாக ஒன்று. நம்முடைய வினைச்சொற்களின் நீளத்தை எண்ணிப் பாருங்கள். 'போய்க்கொண்டிருக்கிறது' என்ற ஒரு சொல்லுக்கே பதினோரு எழுத்து. பதினேழில் மிச்சம் ஆறை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை என்ன செய்யும்? விரல்விட்டு எண்ணும், பொருந்தாத சொல்லைத் திணிக்கும், பார்த்ததை மறந்துவிடும்.

இன்னொன்று. ஜப்பானில் ஹைக்கூ பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஒரே வரியில்தான் அச்சாகிறது. மூன்று வரி என்பது மற்ற மொழிக்காரர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், வைத்துக்கொள்வோம். என் வகுப்புச் சட்டம் இவ்வளவே: மூன்று வரி, பத்துச் சொல்லுக்குள், ஒரே மூச்சில் சொல்லி முடிக்க வேண்டும்.

கேள்வி: உலகின் முதல் ஹைக்கூக் கவிஞர் பாஷோதானே?
(பிளஸ் டூ மாணவர், சேலம்)

பதில்: பாஷோ (1644–1694) எழுதியதை அவர் காலத்தில் ஹொக்கு என்றார்கள். பலர் கூடி மாற்றி மாற்றி வரி சேர்த்துப் பாடும் தொடர்கவிதையின் முதல் கண்ணி அது. அதைத் தனியே பிரித்து, ஹைக்கூ என்ற பெயரை நிலைக்கச் செய்தவர் மசாஓகா ஷிகி, காலம் 1890கள். ஆகவே தேர்வில் எழுத வேண்டிய விடை எதுவாக இருந்தாலும், மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டியது இது: ஹைக்கூ பிறந்ததே கூட்டத்தில். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பறை அதற்கு அந்நிய இடமே இல்லை.

கேள்வி: மூன்றாவது வரியில் ஒரு வெடி வைக்க வேண்டும் என்றுதான் எங்களுக்குக் கற்பித்தார்கள். சரிதானா?
(கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: தமிழ் ஹைக்கூவுக்கு நேர்ந்த பெரிய சேதம் இந்த வெடிதான். முதல் இரண்டு வரி திரி, மூன்றாவது வரி சத்தம். படித்தவுடன் கைத்தட்டல் வாங்கும், இரண்டாம் முறை படிக்க அதில் ஒன்றும் மிஞ்சாது. போட்டிகளுக்கு வரும் தாள்களில் பாதி இப்படித்தான்: ஒரு காட்சி, ஒரு இடைவெளி, பிறகு 'மனிதம் எங்கே?' என்று ஒரு கேள்வி. கவிதை முடிகிற இடத்தில் பிரசங்கம் தொடங்கிவிடுகிறது.

உதாரணத்துக்காக நானே எழுதுகிறேன். சாலையோரப் புங்கமரத்தை வெட்டிவிட்டார்கள். வெடி வைக்கும் கை இப்படி எழுதும்:

சாலை அகலமானது
மரம் வீழ்ந்தது
மனம் குறுகியது

இதில் எழுதியவர் எதையும் பார்க்கவில்லை. அதே இடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றால் வேறொன்று கண்ணில் படும்:

வெட்டிய புங்கமரம்
நிழல் கிடந்த இடத்திலேயே
பேருந்துக்கு நிற்கிறார்கள்

மரம் போனதற்கு வருந்தச் சொல்லி யாரும் கட்டளையிடவில்லை. வெயில் நம் தலையில் தானாக ஏறுகிறது. சமூகத்தைப் பற்றி எழுதக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன், எழுத வேண்டும். ஆனால் தீர்ப்பை வாசகர் கையில் விட்டுவிட வேண்டும். ஷிகி இதற்கு வைத்த பெயர் 'ஷாசெய்'. ஓவியர் நேரில் பார்த்துக் கோட்டோவியம் வரைவதுபோல், உள்ளதை உள்ளபடி எழுதுவது. ஏழாம் வகுப்புக்குப் புரியும். பெரியவர்களான நமக்குத்தான் சிரமம்.

கேள்வி: உவமை இல்லாமல் கவிதையா? பிள்ளைகள் 'போல' போடாமல் இருக்க மாட்டார்களே!
(ஆசிரியர், விருதுநகர்)

பதில்: 'போல'வுக்கு ஒரு நாள் விடுமுறை கொடுங்கள். இரண்டு காட்சிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள், நடுவில் ஒரு சிறு கோடு. ஜப்பானியத்தில் அந்தக் கோட்டின் வேலையை 'யா', 'கனா', 'கெரி' போன்ற வெட்டுச்சொற்கள் செய்கின்றன. இரண்டுக்கும் என்ன உறவு என்பதைப் படிக்கிறவர் கண்டுபிடிக்கட்டும். இது நமக்குப் புதிதும் இல்லை. தொல்காப்பியம் 'உள்ளுறை' என்று இலக்கணமே வகுத்திருக்கிறது. உவம உருபு இல்லாமல், பூவையும் பறவையையும் மீனையும் காட்டியே நெஞ்சில் இருப்பதைச் சொல்லும் வித்தை. அகப்பாடல் நடத்தும்போது இதை மனப்பாடப் பகுதியாக்கிக் கொன்றுவிடுகிறோம். ஹைக்கூ வகுப்பில் அதற்கு உயிர் வரும்.

கேள்வி: ஹைக்கூவில் பருவச்சொல் கட்டாயம் என்கிறார்கள். நமக்கு ஏது பருவம்? வெயில், அதிக வெயில், கத்திரி வெயில் என்று மூன்றுதானே?
(வாசகர், வேலூர்)

பதில்: வேலூர்க்காரர் கேட்கிறீர்கள், வெயிலின் கோபம் புரிகிறது. ஆனால் ஆறு பெரும்பொழுது வகுத்து வைத்திருக்கிற மொழியில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வி கேட்கலாமா? கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆளுக்கு இரண்டு மாதம்.

ஜப்பானியர் பருவச்சொல்லைக் 'கிகோ' என்பார்கள். அவற்றைத் தொகுத்த 'சைஜிகி' என்ற நூலை ஹைக்கூ எழுதுகிறவர்கள் அகராதிபோல் கையில் வைத்திருப்பார்கள். அதில் தவளை வசந்தத்துக்கு உரியது, தும்பி இலையுதிர் காலத்துக்கு உரியது. வெறுமனே 'நிலா' என்றாலே இலையுதிர் கால நிலா. ஒரு சொல் விழுந்ததும் குளிரும் வெளிச்சமும் வாசனையும் சேர்ந்து வந்துவிடும். பதினேழு ஒலிக்குள் அவ்வளவு பெரிய உலகம் அடங்குவதற்கு இதுதான் காரணம்.

நம் பிள்ளைகளுக்கு அந்தப் பட்டியலை மொழிபெயர்த்துக் கொடுக்காதீர்கள். செர்ரிப்பூவைப் பார்க்காத பிள்ளை செர்ரிப்பூவை எழுதி என்ன பயன்? வகுப்புச் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டுங்கள். பன்னிரண்டு கட்டம், பன்னிரண்டு தமிழ் மாதம். நிரப்புவது பிள்ளைகளின் பொறுப்பு. சித்திரையில் வேப்பம்பூவும் நுங்கும் வரும். ஆடியில் காற்றும் புதுவெள்ளமும். ஐப்பசியில் ஈசல், கார்த்திகையில் சொக்கப்பனை, மார்கழியில் கோலத்து நடுவே பூசணிப்பூ, தையில் பனங்கிழங்கு, மாசியில் மாம்பூ, பங்குனியில் புளி உலுக்கும் சத்தம். கோத்தகிரிப் பள்ளித் தாளும் இராமேஸ்வரம் பள்ளித் தாளும் ஒன்றாக இருக்காது, இருக்கவும் கூடாது. ஒரு வருடம் விடாமல் நிரப்பினால், அந்த ஊருக்கென்று ஒரு சைஜிகி உங்கள் சுவரிலேயே எழுந்துவிடும். தாத்தா பாட்டிகளைக் கேட்டுவரச் சொல்லுங்கள், கட்டம் போதாது.

பருவச்சொல் செய்யும் வேலைக்கு ஒரு சின்னச் சான்று, இதுவும் நான் எழுதியதுதான்:

விளையாட்டு நேரம் ரத்து
கோல்கம்பத்தின் அடியில்
ஈசல் இறகுகள்

மழை என்ற சொல் இதில் எங்குமே இல்லை.

கேள்வி: எங்கள் பிள்ளைகள் வேப்பம்பூவையே பார்த்ததில்லை. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் என்ன செய்வது?
(தன்னார்வ ஆசிரியை, டொராண்டோ)

பதில்: மேப்பிள் இலையைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். பனிக்கட்டியில் வழுக்கிய பூட்ஸ், மாலை நாலரைக்கே வரும் இருட்டு, வாசலில் மண்வாரியால் பனி தள்ளும் அப்பா, இவையெல்லாம் தமிழில் எழுதப்படக் காத்திருக்கின்றன. அவர்களின் டிசம்பர் அவர்களுடையது. அம்மாவின் ஊர் மார்கழியை இரவல் வாங்கி எழுதவைத்தால் தமிழ் அவர்களுக்குப் பழைய புகைப்படமாகிவிடும்.

கேள்வி: உலக ஹைக்கூ தினம் ஏப்ரல் 17-ஆமே? அன்று எங்களுக்குத் தேர்வு நேரம்!
(தலைமையாசிரியர், தஞ்சாவூர்)

பதில்: ஏப்ரல் 17 சர்வதேச ஹைக்கூ தினமாகக் கொண்டாடப்படுவது உண்மை. நமக்கு அதைவிடப் பொருத்தமான நாள் ஒன்று இருக்கிறது: அக்டோபர் 16. புதுச்சேரியில் இருந்த பாரதி 'ஜப்பானியக் கவிதை' என்ற கட்டுரையைச் சுதேசமித்திரனில் 1916-ஆம் ஆண்டு அந்த நாளில் எழுதினார். தமிழ் வாசகருக்கு ஜப்பானியக் குறுங்கவிதையை அறிமுகம் செய்த கட்டுரை. ஹைக்கூ தமிழுக்கு வந்த வாசல் அது, திறந்தவர் பாரதி. ஐப்பசி பிறக்கும் நேரம், வடகிழக்குப் பருவமழை பக்கத்தில் நிற்கும், காலாண்டுத் தேர்வும் முடிந்திருக்கும். ஒரு நாளைத் தேர்ந்தெடுக்க இதற்குமேல் என்ன காரணம் வேண்டும்?

கேள்வி: கொண்டாட்டம் என்றால் என்ன செய்வது? பேச்சுப்போட்டி, பரிசு, நன்றியுரை தவிர எங்களுக்கு ஒன்றும் தெரியாது.
(அதே தலைமையாசிரியர்)

பதில்: மேடையையும் மைக்கையும் மறந்துவிடுங்கள். ஜப்பானில் 'குகாய்' என்று ஒரு கூடல் நடக்கும். வகுப்பறைக்கென்றே செய்ததுபோல் இருக்கும் அந்த முறையை விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொருவருக்கும் ஒரே அளவில் சிறு தாள்கள். ஒரு தாளில் ஒரு கவிதை, பெயர் எழுதக் கூடாது. எல்லாத் தாள்களையும் கலந்து, ஆளுக்குச் சில தாள்களாகப் பிரித்துக் கொடுப்பார்கள். கையில் வந்த கவிதைகளை அவரவர் வேறொரு பெரிய தாளில் படி எடுக்க வேண்டும். கையெழுத்தை வைத்து யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாமல் போவதற்காக இந்த ஏற்பாடு. பிறகு அந்தப் பெரிய தாள்கள் கைமாறிச் சுற்றிவரும். எல்லோரும் எல்லாவற்றையும் படித்து, பிடித்தவற்றில் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தேர்வார்கள். தன்னுடையதைத் தானே தேர்ந்தெடுக்கக் கூடாது. தேர்ந்தவற்றை ஒவ்வொருவராக உரக்கப் படிப்பார்கள். ஒரு கவிதை படிக்கப்பட்டதும் அதை எழுதியவர் தன் பெயரைத் தானே சொல்வார்.

அந்தக் கடைசிக் கட்டத்தை நினைத்துப் பாருங்கள். வருடம் முழுக்க எழுந்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளையின் மூன்று வரியை வகுப்பின் முதல் மதிப்பெண்காரி தேர்ந்தெடுத்துப் படிக்கிறாள். யார் எழுதியது என்று எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளை தன் பெயரைச் சொல்கிறது. இதற்கு ஈடான பரிசுக் கோப்பை எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஆசிரியரும் ஒரு தாள் போட வேண்டும், அதுவும் பெயரில்லாமல். ஒரு ஓட்டுகூட விழாமல் போகலாம். போகட்டும், பிள்ளைகளுக்குத் தைரியம் வரும். படித்தவரிடம் 'ஏன் பிடித்தது?' என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். 'நல்லா இருக்கு' என்ற பதிலை ஏற்காதீர்கள். எந்தச் சொல், எந்த வரி என்று காட்டச் சொல்லுங்கள். இலக்கிய விமர்சனத்தின் முதல் பாடம் அங்கேயே முடிந்தது.

கேள்வி: எங்கள் வகுப்பில் ஒரு மாணவி சக்கர நாற்காலியில் வருகிறாள். மைதானத்தைச் சுற்றிப் பார்த்து எழுது என்று எப்படிச் சொல்வேன்?
(ஆசிரியை, ஈரோடு)

பதில்: முதலில், நாற்காலியோடு அவளும் போகும்படியாகப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். முடியாத நாளில் வகுப்பே ஜன்னலோரம் உட்காரட்டும், எல்லோரும் அங்கிருந்தே எழுதட்டும்.

அப்புறம் அவளுக்கு ஷிகியின் கதையைச் சொல்லுங்கள். முதுகெலும்பைத் தாக்கிய காசநோயால் கடைசி ஆண்டுகளில் அவர் படுக்கையைவிட்டு எழவே முடியவில்லை. தோக்கியோவில் ஒரு சிறு வீடு, அதற்கு ஒரு சிறு தோட்டம். படுத்தபடி எது தெரிந்ததோ அதுதான் அவருடைய உலகம். அந்தத் தோட்டத்தில் பீர்க்குக் கொடி படர்ந்திருந்தது; அதன் தண்டிலிருந்து எடுக்கும் நீரைச் சளிக்கு மருந்தாகக் கொடுப்பது அங்கே வழக்கம். 1902 செப்டம்பரில், 34 வயதில் இறப்பதற்குச் சற்று முன் அவர் எழுதிய கடைசிக் கவிதைகள் அந்தப் பீர்க்கைப் பற்றியவைதான். அவர் நினைவு நாளை இன்றும் பீர்க்கின் பெயரால் குறிக்கிறார்கள். ஜப்பானின் கவிதையை மாற்றியவர் ஒரு ஜன்னலளவு உலகத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்தார் என்பதை அவள் தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற பிள்ளைகளும்தான்.

கேள்வி: இரண்டாம் வகுப்பால் முடியுமா?
(ஆசிரியை, காரைக்குடி)

பதில்: உங்களைவிட, என்னைவிட நன்றாக முடியும். அவர்களுக்குக் கொபயாஷி இஸ்ஸாவை (1763–1828) அறிமுகம் செய்யுங்கள். தவளை, ஈ, குருவி, நத்தை என்று யாரும் மதிக்காத உயிர்களோடு பேசிக்கொண்டே இருந்தவர். இருபதாயிரம் ஹைக்கூவுக்குமேல் எழுதியிருக்கிறார். எழுதத் தெரியாத பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் வாயில் வந்த சொல்லை மாற்றாதீர்கள். பக்கத்தில் ஒரு படமும் வரையட்டும். ஓவியரும் கவிஞருமான பூசோன் (1716–1784) ஹைக்கூவையும் ஓவியத்தையும் ஒரே தாளில் வைத்தவர். ஜப்பான் ஏர்லைன்ஸ் அறக்கட்டளை நடத்தும் உலகக் குழந்தைகள் ஹைக்கூப் போட்டியிலும் கவிதையோடு கையால் வரைந்த படம் வேண்டும்.

கேள்வி: ஜப்பான் பள்ளிகளில் ஹைக்கூவுக்கு இன்னும் மவுசு இருக்கிறதா?
(வாசகி, புதுக்கோட்டை)

பதில்: தொடக்கப்பள்ளி மூன்றாம், நான்காம் வகுப்புப் பாடத்திட்டத்திலேயே ஹைக்கூவை வாய்விட்டுப் படிப்பது உண்டு. ஷிகி பிறந்த மட்சுயாமா நகரில் 1998 முதல் 'ஹைக்கூ கோஷியென்' நடக்கிறது. உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து ஐந்து ஐந்து பேராக அணிகள் வரும். இரண்டு அணிகள் எதிரெதிரே உட்கார்ந்து தங்கள் கவிதைகளை வைத்து, ஒன்றையொன்று கேள்வி கேட்டு வாதாடும். நடுவர்கள் சிவப்புக் கொடி அல்லது வெள்ளைக் கொடி உயர்த்துவார்கள். அந்த ஊரில் தெருவில் போகிறவர் எழுதிப் போடுவதற்கென்றே ஹைக்கூப் பெட்டிகளும் உண்டு. பட்டிமன்றம் கண்ட நாட்டுக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டுமா? பள்ளி வாசலில் ஒரு பெட்டி வைப்பதற்கு ஆகும் செலவு ஒரு அட்டைப்பெட்டியும் கொஞ்சம் பசையும்.

கேள்வி: என் மாணவர்கள் தலைமையாசிரியரின் ஸ்கூட்டரைப் பற்றி எழுதிச் சிரிக்கிறார்கள். அனுமதிக்கலாமா?
(ஆசிரியர், நாகர்கோவில்)

பதில்: தாராளமாக. அதற்குப் பெயர் சென்ரியு. அதே வடிவம், பருவச்சொல் வேண்டாம், மனிதர்களின் அசட்டுத்தனமே பாடுபொருள். கராய் சென்ரியு (1718–1790) என்ற தொகுப்பாளரின் பெயரால் வழங்குகிறது. அதற்கென்று ஒரு வெள்ளிக்கிழமை ஒதுக்குங்கள். உடலையும் ஏழ்மையையும் சாதியையும் தொடக் கூடாது என்ற வேலியை மட்டும் முன்னாலேயே போட்டுவிடுங்கள். தலைமையாசிரியரையும் கூப்பிடுங்கள்.

கேள்வி: கைபேசியைக் கேட்டால் நொடியில் நூறு ஹைக்கூ கொடுக்கிறதே?
(பெற்றோர், கோவை)

பதில்: கொடுக்கட்டும். உங்கள் மகன் இன்று காலை பேருந்து ஜன்னலில் பார்த்ததை அது பார்க்கவில்லை. அதை எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: எழுதியதைத் திருத்தலாமா? முதலில் வந்ததுதான் உண்மையான கவிதை என்கிறார் நண்பர்.
(இளங்கவிஞர், சிதம்பரம்)

பதில்: பாஷோ 1689-இல் வடநாட்டுப் பயணம் போனார். அதைப் பற்றிய நூலை ஆண்டுக்கணக்கில் செதுக்கி 1694-இல்தான் முடித்தார். அச்சில் வந்தது 1702-இல், அவர் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு. நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

வகுப்பில் ஒரே ஒரு பயிற்சி போதும்: ஒவ்வொரு சொல்லையும் விரலால் மறைத்துப் படிக்க வேண்டும். மறைத்தாலும் கவிதை குறையவில்லை என்றால் அந்தச் சொல் போகலாம். முதலில் 'அந்த', 'மிக', 'அழகிய' போகும். பிறகு 'நான்' போகும்.

கேள்வி: மதிப்பெண் எவ்வளவு போடலாம்?
(ஆசிரியர், திண்டுக்கல்)

பதில்: போடாதீர்கள்.

கேள்வி: தமிழில் யாரைப் படிக்கலாம்?
(மாணவி, திருநெல்வேலி)

பதில்: 1984-இல் வந்த இரண்டு தொகுப்புகளில் தொடங்குங்கள்: அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்', அறிவுமதியின் 'புல்லின் நுனியில் பனித்துளி'. அதற்குப் பத்தாண்டு முன்பே அப்துல் ரகுமானின் 'பால்வீதி' இந்தத் திசையில் நடந்துபார்த்தது. எது ஹைக்கூ, எது இல்லை என்று கறாராகப் பேசும் நூல் வேண்டுமானால் சுஜாதாவின் 'ஹைக்கூ ஒரு புதிய அறிமுகம்'. எல்லாவற்றோடும் உடன்பட வேண்டாம். சண்டை போட்டுக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் எழுதியதை வருடக் கடைசியில் என்ன செய்வது? எங்கள் பள்ளியில் பழைய பேப்பரோடு போய்விடுகிறது.
(ஆசிரியை, இராமநாதபுரம்)

பதில்: ஒவ்வொரு பிள்ளையும் தன் கவிதைகளில் சிறந்ததாக நினைக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். தேர்வு அவர்களுடையது, நாம் தலையிட வேண்டாம். பக்கத்துக்கு ஒன்றாக, பெயரும் வகுப்பும் போட்டு, பிள்ளைகளே கையால் எழுதி நூலால் தைத்த இரண்டு படி போதும். ஒன்று பள்ளி நூலகத்துக்கு, வரிசை எண் போட்டு, மற்ற புத்தகங்களோடு அலமாரியில். இன்னொன்று உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு; நூலகரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். இதை வாசிக்கும் ஆசிரியர்கள் எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வது இந்த ஒன்றைத்தான்: இந்த அக்டோபர் 16 அன்று ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள். கணக்கு ஆசிரியராக இருந்தாலும் சரி.